17 வயதில் மாசம் ஆயிரம் ரூபாய்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இது: "எனக்கு 17 வயசு. அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம் முதல் வருஷம். தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் கணக்கில் விழுது. பஸ் பாஸ் இருக்கு, சாப்பாடு வீட்டிலிருந்து. அப்படியும் 20ஆம் தேதிக்குமேல் கையில் ஒண்ணும் நிக்கிறதில்லை. கூடப் படிக்கிறவன் ஆப்ஷன் டிரேடிங்கில் ஒரே நாளில் 4,000 எடுத்தேன்னு போனில் காட்டுறான். நான் எதில் போடலாம்? பணத்தைப் பற்றி அடிப்படையா என்ன தெரிஞ்சுக்கணும்?"

தம்பி, எதில் போடலாம் என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியையும் நீயே எழுதியிருக்கிறாய்: 20ஆம் தேதிக்குள் காசு எங்கே போகிறது? அது தெரியாமல் எதில் போட்டாலும், அடுத்த 20ஆம் தேதி அதையும் உடைத்து எடுப்பாய்.

நான் 31 வருஷம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். பாதிக் காலம் கவுன்ட்டரில், மீதிக் காலம் கடன் மேசையில். ஷேர் நிபுணன் கிடையாது. வட்டி வாங்க வந்தவர்களையும் வட்டி கட்ட வந்தவர்களையும் ஒரே ஜன்னல் வழியாகப் பார்த்தவன். அதனால் இந்தப் பதில் வட்டிப் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாயும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 20ஆம் தேதி. போன லீவில் என் தங்கை பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். உன் வயசுதான். "தாத்தா, நான் எதுக்கும் பெரிசா செலவே பண்றதில்லை" என்றான். சரி என்று அவன் போனில் யுபிஐ ஹிஸ்டரியைத் திறக்கச் சொன்னேன். பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்து, ஒரு மாசத்துக்கானதை ஒவ்வொன்றாக எழுது என்றேன். 61 வரி வந்தது. அதில் மூணு இலக்கத் தொகையே மொத்தம் நாலுதான். மற்றதெல்லாம் 10, 12, 15, 30. கூட்டிப் பார்த்தோம். டீ, வடை, பப்ஸ் 612. ரீசார்ஜ் 239. நண்பனுக்கு அனுப்பியது 200. கேமில் துப்பாக்கிக்கு ஏதோ உறை வாங்கியது 159. முடிவெட்டு 120. ஜெராக்ஸ் 94. எதற்கு என்று அவனுக்கே ஞாபகம் வராத க்யூஆர் கோடு 56. ஆக 1,480.

அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீக்கு 612 என்பது அவனை ஒன்றும் செய்யவில்லை. நண்பர்களோடு நின்று குடித்தது, அந்தச் சந்தோஷம் நினைவில் இருக்கிறது. திரும்பி வராத 200-ம், துப்பாக்கி உறை 159-ம்தான் உறுத்தின. டீயைக் குறைக்கச் சொல்லி நான் வாயே திறக்கவில்லை. நோட்டில் எழுதிப் பார்த்தால், எது போனதில் உனக்கு வருத்தமில்லை, எதில் வருத்தம் என்று நீயே பிரித்துக்கொள்வாய். என் காலத்தில் நூறு ரூபாய் நோட்டை மாற்ற மனசு வராது. மாற்றினால் போய்விடும் என்று பயம். ஸ்கேன் செய்யும் கைக்கு அந்தப் பயம் கிடையாது. பேசும் பெட்டி "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கடைக்காரருக்குத்தான் சொல்கிறது, உனக்குச் சொல்வதில்லை.

இரண்டு மாசம் எழுது. ஆப் எதுவும் வேண்டாம், கையால் எழுது. மூன்றாவது மாசத்திலிருந்து, பணம் விழுகிற அன்றே 300 ரூபாயை வேறு இடத்துக்கு நகர்த்திவிடு. செலவு போக மிச்சத்தை வைக்கலாம் என்று இருந்தால் மிச்சம் ஒருநாளும் வராது. உன் பாட்டி அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவிலும் ஒளித்து வைத்தது இதே கணக்குத்தான். சந்தைக்குப் போகுமுன் எடுத்து வைப்பாள், போய் வந்தபின் அல்ல.

நகர்த்துவது எங்கே? உன் வங்கியிலேயே ஒரு ஆர்டி, அதாவது தொடர் வைப்பு. 12 மாசத்துக்குப் போடு. தபால் நிலையத்திலும் ஆர்டி உண்டு, மாசம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், வட்டி 6.7 சதவீதம். ஆனால் அது ஐந்து வருஷக் கணக்கு. மூணு வருஷத்துக்கு முன்னால் மூட முடியாது. முதல் முறைக்கு அவ்வளவு நீளம் உனக்கு வேண்டாம்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது. மாசம் 300 வீதம் 12 மாசத்துக்கு 3,600. ஆறு சதவீத வட்டி என்றால் வருஷக் கடைசியில் கிடைக்கும் வட்டி சுமார் 117 ரூபாய். நீ சிரிப்பாய். ஒரு வருஷம் கட்டிக் காத்து 117 ரூபாயா, அவன் ஒரு நாளில் 4,000 எடுக்கிறானே என்று. சிரி, பரவாயில்லை. அந்த 117-ஐ வைத்து நீ ஒன்றும் செய்யப் போவதில்லை. கையில் நிற்கப் போவது 3,600. பரீட்சைக் கட்டணமோ, போன் டிஸ்ப்ளே உடைந்ததோ, அம்மாவுக்கு ஊசி போட வேண்டியதோ வந்தால், யாரிடமும் போய் நிற்காமல் சமாளிக்க 3,600. அந்த நேரத்தில் அது உன்னிடம் இல்லையென்றால் எந்த வட்டிக்கு வாங்குவாய் என்பதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

அதற்குமுன் உன் சேமிப்புக் கணக்கைப் பற்றி நாலு வார்த்தை. 10 வயது முடிந்த பிள்ளைகள் தங்கள் பெயரில் கணக்குத் தொடங்கித் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. வரம்பு எவ்வளவு என்பதை அந்தந்த வங்கி வைக்கும். ஆகவே உன் கணக்கு உன்னுடையதுதான். அதில் குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, இருப்பு குறைந்தால் அபராதம் உண்டா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொள். குறைந்தபட்ச இருப்பே வேண்டாத அடிப்படைக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். ஏடிஎம்மில் 100, 200 என்று அடிக்கடி எடுக்காதே. இலவச எண்ணிக்கை தாண்டினால் ஒரு முறைக்கு 23 ரூபாய் வரை பிடிப்பார்கள், அதற்குமேல் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூபாய்க்காரனுக்கு 23 பெரிய தொகை. மாசம் ஒருமுறை பாஸ்புக்கைப் பிரின்ட் போட்டு ஒவ்வொரு வரியையும் படி. புரியாத மூணெழுத்துச் சுருக்கம் இருந்தால் கவுன்ட்டரில் கேள்; முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 18 முடிந்ததும் புதுக் கையெழுத்து, புதுப் படிவம் கொடுத்துக் கணக்கைப் பெரியவர் கணக்காக மாற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, ஃபீஸ் கட்டும் நாளில் பணம் எடுக்க முடியாமல் ஓடிவந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வங்கி மூழ்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை வைப்புக் காப்பீடு இருக்கிறது. 2020 பிப்ரவரிக்கு முன்னால் அது 1 லட்சமாக இருந்தது. உன் 3,600-க்கு ஆபத்தில்லை.

(எங்கள் பள்ளியில் சஞ்சாயிகா என்று ஒன்று இருந்தது. வகுப்பு வாத்தியாரிடம் வாரம் நாலணா, எட்டணா கொடுத்தால் சின்ன அட்டையில் வரவு வைத்துக் கையெழுத்துப் போடுவார். ஆறாம் வகுப்புக் கடைசியில் எனக்கு 11 ரூபாய் சேர்ந்தது. அதில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். இன்னும் வீட்டில் கிடக்கிறது, மூடி மட்டும் இல்லை.)

இப்போது வட்டி. பி.காம் படிக்கிறாய், தனிவட்டி, கூட்டுவட்டி சூத்திரம் எல்லாம் தெரிந்திருக்கும். பரீட்சைத் தாளில் வராத ஒன்றைச் சொல்கிறேன். நம் ஊரில் வட்டிக்கு இரண்டு பாஷை இருக்கிறது. வங்கி "9 சதவீதம்" என்றால் அது வருஷத்துக்கு. தெருவில் "ரெண்டு வட்டி" என்றால் நூற்றுக்கு ரெண்டு ரூபாய், மாசத்துக்கு. அதாவது வருஷத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி 36. பத்து வட்டி 120. காதில் விழும்போது ஒன்பதைவிட ரெண்டு சின்னதாகத் தெரியும். படித்தவர்களே இதில் விழுவார்கள். என்னிடம் நகைக்கடன் கேட்டு வந்த ஒரு டீச்சர், "நீங்க ஒன்பது சொல்றீங்க, எங்க தெருவில் ரெண்டுக்கே தர்றாங்களே" என்று கோபித்துக்கொண்டு போனார். மாலையில் திரும்பி வந்தார். வீட்டில் பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான் போல.

யார் எந்த வட்டி சொன்னாலும் முதலில் கேட்க வேண்டியது, மாசத்துக்கா வருஷத்துக்கா? மாசம் என்றால் 12-ஆல் பெருக்கு.

அடுத்து ஒரு மனக்கணக்கு. 72-ஐ வருஷ வட்டியால் வகுத்தால், எடுக்காமல் விட்ட வைப்போ கட்டாமல் விட்ட கடனோ எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று சுமாராகக் கிடைக்கும். ஆறு சதவீத வைப்பில் 12 வருஷம். ரெண்டு வட்டிக் கடனில் மூணே வருஷம். விலைவாசிக்கும் இதே கணக்கைப் போடலாம். வருஷம் ஆறு சதவீதம் விலை ஏறினால் 12 வருஷத்தில் உன் நூறு ரூபாய் இன்றைய ஐம்பது ரூபாய்க்குத்தான் வாங்கும். சென்னை மாநகரப் பேருந்தில் குறைந்தபட்ச டிக்கெட் 2018 ஜனவரியில் ஒரே இரவில் மூணு ரூபாயிலிருந்து ஐந்தானது. உண்டியலில் பணத்தைப் பூட்டி வைப்பதும் ஒருவகைச் செலவு என்பது இதனால்தான்.

இனி தண்டல். உன் ஊரில் தினவசூல் என்பார்களோ என்னவோ. பூக்கடை, காய்கறி வண்டி, டிபன் கடை வைத்திருப்பவர்களிடம் சாயங்காலம் ஒருவர் வண்டியில் வந்து, நிறுத்தாமலே நூறு ரூபாய் வாங்கி அட்டையில் டிக் அடித்துக்கொண்டு போவார், பார்த்திருப்பாய். 10,000 ரூபாய் கடன். கையில் தருவது 8,500. நூறு நாள், தினம் நூறு. "பத்தாயிரத்துக்கு வெறும் 1,500 தானே, பதினைஞ்சு சதவீதம்" என்று தோன்றும். உட்கார்ந்து போட்டுப் பார். பூக்காரம்மா ஒருத்தி வாங்கினாள் என்றால், அவள் கைக்கு வந்தது 8,500. அடுத்த நாளிலிருந்தே அது கரைய ஆரம்பிக்கிறது. நூறு நாளில் சராசரியாக அவள் கையில் இருந்த கடன் பாதிதான், சுமார் 4,250. அதற்கு நூறு நாளில் 1,500 வட்டி. நூறு நாளைக்கே 35 சதவீதம்; வருஷத்துக்கு ஏறக்குறைய 129. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. தினவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் அதில் குற்றம். சட்டம் இருந்தும் பூக்காரம்மா ஏன் வாங்குகிறாள்? காலை நாலு மணிக்கு மார்க்கெட்டில் கொள்முதல் பண்ண அவளிடம் முதல் இல்லை. வங்கி பத்து மணிக்குத்தான் திறக்கும். நாங்கள் ஆவணம் கேட்போம். அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. அந்த 8,500 மட்டும் அவளுடைய சொந்தப் பணமாக இருந்தால், நூறு நாளுக்கு 1,500 மிச்சம். 3,600-ஐ நான் ஏன் பெரிசாகப் பேசினேன் என்று இப்போது தெரியும்.

இதே வித்தை போன் கடையில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். 20,000 ரூபாய் போன், 12 மாச இஎம்ஐ, "ஒரு வட்டிதான் தம்பி". மாசம் ஒன்று, வருஷம் 12, வட்டி 2,400. மாசம் 1,867 ரூபாய் கட்டணும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கடைசி மாசம் நீ பாக்கி வைத்திருப்பது ரெண்டாயிரத்துக்கும் குறைவு. அன்றைக்கும் 20,000-க்கு உண்டான வட்டியைத்தான் கட்டுகிறாய். குறைந்துவரும் அசலுக்குக் (டிமினிஷிங் என்பார்கள்) கணக்கிட்டால் இது 21 சதவீதத்துக்கு மேல். ஃப்ளாட் வட்டி என்று இதற்குப் பெயர். பைக் கடனிலும் இதுதான் ஓடும். "ஃப்ளாட்டா, டிமினிஷிங்கா" என்று கேட்டால் விற்பனைப் பையன் உன்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பான்.

வட்டியில்லா இஎம்ஐ என்று போர்டு வைத்திருந்தால் ஒரே ஒரு கேள்வி போதும்: "ரொக்கமாக் கொடுத்தா எவ்வளவு?" விலை இறங்கினால், இறங்கின தொகைதான் வட்டி. இறங்கவில்லை என்றால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று பார்.

கிரெடிட் கார்டு உனக்கு 18-க்குப் பிறகு. அப்போது கல்லூரி வாசலிலேயே குடை போட்டு உட்கார்ந்து கூப்பிடுவார்கள். முழுத்தொகையையும் கெடு தேதிக்குள் கட்டுகிறவனுக்கு அது இலவசக் கடன். பாக்கி வைத்தால் மாசம் மூணரை சதவீதம் வரை போகும். 10,000 பாக்கிக்கு மாசம் 350, அதன்மேல் ஜிஎஸ்டி 63. நாலு வட்டிக்காரர் என்று தெருவில் யாரையாவது திட்டுகிறோமே, அதே வட்டி, ஏசி அறையில்.

கடன் ஆப் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள். 18 முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் 1872-ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. மைனருக்குக் கொடுத்த கடனை ஒப்பந்தத்தைக் காட்டி வசூலிக்க முடியாது என்று 1903-இலேயே, அன்று நமக்கு மேல்கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, 17 வயசுப் பையனுக்கு எவனாவது ஆப்பில் கடன் கொடுக்கிறான் என்றால், அவன் கோர்ட்டை நம்பிக் கொடுக்கவில்லை. உன் போனில் இருக்கும் போட்டோவையும் கான்டாக்ட் பட்டியலையும் நம்பிக் கொடுக்கிறான். எடுத்தவுடனே அந்த அனுமதிகளைத்தான் கேட்பான்.

இப்போது உன் நண்பன். முதலாவது, 18 ஆகாதவர் தானாக டிரேடிங் கணக்குத் தொடங்கி ஆப்ஷன் ஆட முடியாது. அவன் யார் கணக்கில் ஆடுகிறான் என்று கேட்டாயா? அப்பா கணக்கென்றால் அப்பாவுக்குத் தெரியுமா? இரண்டாவது, 4,000 எடுத்த நாளைக் காட்டினான். மற்ற நாள்களைக் காட்டச் சொல். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரை மூணு வருஷத்தில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் (விலை ஏறுமா இறங்குமா என்று முன்கூட்டியே போடும் ஒப்பந்தங்கள்) இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-இல் அப்படி ஆடியவர்களில் 43 சதவீதம் பேர் 30 வயதுக்குக் குறைந்தவர்கள். நூறு பேர் நுழைந்து ஏழு பேர் சிரித்துக்கொண்டு வெளியே வரும் கடை அது. அந்த ஏழு பேரும் ரீல்ஸ் போடுவார்கள், 93 பேர் எதற்குப் போடப்போகிறார்கள்?

ஷேரே தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பெனிகளில் நீண்ட காலம் பங்கு வைத்திருப்பது வேறு, செவ்வாய்க்கிழமை மதியம் மூணு மணிக்கு நிஃப்டி என்கிற பங்குச் சந்தைக் குறியீடு எங்கே நிற்கும் என்று பந்தயம் கட்டுவது வேறு. 18 ஆனபிறகு, கையில் மூணு மாசச் செலவுக்கான பணம் தனியாக இருந்தால், இன்டெக்ஸ் ஃபண்டில் (குறியீட்டில் உள்ள பங்குகளை மொத்தமாக வாங்கி வைக்கும் ஃபண்ட்) மாசம் 500 போட்டுப் பார். ஏழெட்டு வருஷத்துக்குத் தொடமாட்டேன் என்கிற பணமாக இருக்கணும். நடுவில் முப்பது சதவீதம் இறங்கினால் தூக்கம் வருமா என்று அப்போது உனக்கே தெரிந்துவிடும். ஆன்லைன் ரம்மி மாதிரி காசு வைத்து ஆடுவதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. 2025 ஆகஸ்ட்டில் மத்தியச் சட்டமே தடை போட்டுவிட்டது, புதுப் பெயரில் லிங்க் வந்தால் திறக்காதே.

அதிக வட்டி ஆசை காட்டுகிறவர்கள் உன் வீட்டுக்கும் வருவார்கள், பெரும்பாலும் சொந்தக்காரர் மூலமாகவே. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு என்று சொல்லி ஆயிரக்கணக்கானவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுத் தெருவில் நின்றார்கள். கோழிகளுக்குத் தீவனம் போடக்கூட ஆள் இல்லாமல் போனது. நீ அப்போது சின்னக் குழந்தையாக இருந்திருப்பாய். பெயரும் பொருளும் மாறும்: ஒருமுறை தேக்கு, ஒருமுறை தங்கம், ஒருமுறை கிரிப்டோ. கேள்வி மாறாது. மாசம் பத்து சதவீதம் தருகிறேன் என்பவன், வருஷம் பன்னிரண்டு, பதினாலுக்கு வங்கியில் கடன் வாங்காமல் உன் அம்மாவிடம் ஏன் வாங்குகிறான்? இந்த ஒரு கேள்வியை அந்தச் சொந்தக்காரரிடம் கேள். வைப்புதாரர்களைக் காக்க இங்கே 1997-இலேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதில் வழக்குப் போட்டு, சொத்தை ஏலம் விட்டு, பணம் கைக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடிவிடும்.

சீட்டைப் பற்றியும் கேட்பாய். ஏலச்சீட்டு மோசடி கிடையாது. 1982-ஆம் வருஷச் சட்டத்தில் பதிவு செய்து நடத்தும் சீட்டு சட்டப்படியானது. 20 பேர், மாசம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. முதல் மாசம் அவசரக்காரர் ஒருவர் 30,000 தள்ளி 70,000-க்கு எடுத்தால், அந்த 30,000-இல் நடத்துகிறவர் கமிஷன் 5,000 போக மீதி 25,000 இருபது பேருக்கும் பிரியும். அந்த மாசம் ஆளுக்கு 3,750 கட்டினால் போதும். முதலில் எடுப்பவர் கடன் வாங்குகிறார், கடைசியில் எடுப்பவர் சேமிக்கிறார். நம்ம ஆட்கள் கண்டுபிடித்த அழகான ஏற்பாடு என்றே சொல்வேன். பதிவு இல்லாமல் தெருவில் நடத்தும் அக்கா ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் கேட்க நாதியில்லை, அது ஒன்றுதான். நகைச்சீட்டு 11 மாசத்தில் முடிவதற்குக் காரணம் கருணை இல்லை. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் சட்டம் அதை டெபாசிட்டாக எடுத்துக்கொள்ளும். அம்மா நகைச்சீட்டுப் போட்டிருந்தால், முடிவில் செய்கூலி, சேதாரம் எவ்வளவு போடுகிறார்கள் என்று ஒருமுறை அவரோடு கடைக்குப் போய்ப் பார்.

கடைசியாக, உன் வயசுப் பிள்ளைகளுக்கு இன்று இருக்கும் பெரிய ஆபத்து. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு மாணவன் அம்மாவோடு வந்தான். கணக்கு முடக்கப்பட்டிருந்தது, உதவித்தொகை எடுக்க முடியவில்லை. அம்மா முந்தானையில் பாஸ்புக்கைச் சுற்றிப் பிடித்திருந்தார். பிரின்ட் போட்டுப் பார்த்தால், எப்போதும் ஆயிரம், ரெண்டாயிரம் ஓடும் கணக்கில் ஒரே மதியத்தில் ஏழு வரவு, எல்லாம் வெளிமாநிலத்திலிருந்து, லட்சக் கணக்கில்; அரை மணி நேரத்தில் அத்தனையும் வெளியே. பையன் தலையைக் குனிந்துகொண்டு, "சீனியர் அண்ணன் கார்டும் சிம்மும் கேட்டாரு, 3,000 கொடுத்தாரு" என்றான். யாரோ ஒரு பெரியவரை ஏமாற்றிப் பிடுங்கிய பணம் இவன் கணக்கு வழியாக ஓடியிருக்கிறது. போலீஸ் முதலில் தேடுவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவனைத்தான். அந்த அம்மாவுக்கு இதைத் தமிழில் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. "அவன் படிக்கிற பையன் சார்" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்கு, கார்டு, சிம் மூன்றையும் யாருக்கும் வாடகைக்கு விடாதே. கூடப்பிறந்த அண்ணன் கேட்டாலும். தெரியாமல் உன் கணக்கில் பணம் விழுந்து, "தப்பா அனுப்பிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி விடு" என்று யாராவது அழுதால், நீயாக அனுப்பாதே, வங்கிக்குப் போய் எழுதிக் கொடு. பணம் வாங்க யுபிஐ பின் நம்பர் வேண்டியதில்லை. பின் கேட்டாலே பணம் உன்னிடமிருந்துதான் போகப்போகிறது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைக்காதே. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய். பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுவதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வழி இருக்கிறது.

இந்த வாரம் செய்ய ஒரு வேலை. அப்பாவின் பாஸ்புக்கை வாங்கி, மே கடைசியில் 20 ரூபாய் பிடித்திருக்கிறார்களா என்று பார். பிரதமர் சுரக்‌ஷா பீமா என்கிற விபத்துக் காப்பீடு அது. 18 முதல் 70 வயது வரை, வருஷம் 20 ரூபாய்க்கு விபத்து மரணத்துக்கு 2 லட்சம். ஜூன் 1 முதல் மே 31 வரை ஒரு வருஷக் கணக்கு. சிலருக்குப் பிடிக்கும் நாளில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமல் விட்டுப்போயிருக்கும். அப்பா வண்டி ஓட்டுகிறவராகவோ கட்டட வேலைக்குப் போகிறவராகவோ இருந்தால் நாளைக்கே போ. அந்த வரி இல்லையென்றால் கிளையில் ஒரு பக்கப் படிவம் கொடுப்பார்கள். நாமினி என்ற இடத்தைக் காலியாக விடாமல் அம்மா பெயரை எழுதி, வயசை ஆதாரில் உள்ளபடியே போடு.